எந்தக் கரண்டி

கோதுமை சாப்பிடக் கூடாத ஒருவன் சென்னையில் ஹோட்டல் தேடி அலைகிறான் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அரிசி தின்கிற தேசத்தில் இவனுக்கு என்ன குறை, இட்லி இருக்கிறது, தோசை இருக்கிறது, பொங்கல் இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். ஆறு வருஷமாக இதைக் கேட்டு வருகிறேன். அவர்கள் சொல்வது பெயரளவில் சரி. பதார்த்தங்களின் பெயரை வைத்துக்கொண்டு பசியாற முடியுமானால் எனக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

எனக்கு இருப்பது சீலியாக் என்ற நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் க்ளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் உடம்பின் காவல் சக்தி சொந்தச் சிறுகுடலையே பகையாகக் கொண்டு தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருந்து சத்தை உறிஞ்சும் பகுதிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. என் விஷயத்தில் அது வயிற்று வலியாக வரவில்லை, ரத்தசோகையாக வந்தது. வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மருந்து, பேரீச்சம்பழம். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையும், குடலிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு துணுக்குச் சதையும் விஷயத்தைச் சொல்லின. இதற்கு மருந்து கிடையாது. ஆயுசு முழுக்கத் தவிர்ப்பதே வைத்தியம். இந்தத் தவிர்ப்பைக் கண்டு சொன்னவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர். கோதுமையின் மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45இல் ஹாலந்தில் பஞ்சம் வந்து ரொட்டி அற்றுப்போன குளிர்காலத்தில், ஊரெல்லாம் பட்டினி கிடக்க, இந்த நோய்க் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை எழுதினார்.

வடக்கே இந்த நோயைச் சொன்னால் டாக்டருக்குப் புரிகிறது. இங்கே நோயாளிதான் விளக்க வேண்டியிருக்கிறது. காரணம் 2016இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவாக இருக்கிறது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டது வடக்கே 100 பேருக்கு 1.23 பேரிடம், தெற்கே 0.10 பேரிடம். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில். வடக்கே ஓர் ஆள் தினம் தின்றது சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். ஆக நமக்கு இந்த நோய் இல்லாதது ரத்தத்தின் விசேஷம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரவு எட்டு மணிக்குப் பரோட்டாக் கல்லில் விழும் அடியைக் கேட்கும்போதெல்லாம் அந்த 25 கிராம் இப்போது எத்தனை ஆயிற்றோ என்று தோன்றும்.

கோதுமை நம்மிடம் வந்து குடியேறியது அண்மைக் கதைதான். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரவு நின்றது. ரேஷன் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1956இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அரிசித் தட்டுப்பாட்டில்தான் ரவா இட்லி பிறந்தது என்று பெங்களூர் ஹோட்டல்காரர்கள் சொல்வதுண்டு. புதிதாக வந்த தானியம் பழைய பெயர்களுக்குள் நுழைந்துகொண்டது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். இட்லி என்ற பெயருக்குள் ரவை, தோசை என்ற பெயருக்குள் ரவையும் மைதாவும். சிதம்பரத்தில் நடராஜருக்கு நிவேதனமாகும் சம்பா சாதம் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த அரிசிச் சோறு. அதே வீதியின் மளிகைக் கடையில் ‘சம்பா ரவை’ என்று கேட்டால் கிடைப்பது கோதுமை. ஒரே சொல். ஒன்று என்னைக் காப்பாற்றும், மற்றது படுக்கையில் தள்ளும்.

இனி சென்னை. வங்கி வேலையாகவும் இலக்கியக் கூட்டங்களுக்காகவும் மாதம் ஒரு தடவையாவது போகிறேன். முதலில் நம்பியது சைவ டிபன் ஹோட்டல்களை. அங்கே முதல் எதிரி பெருங்காயம். அது ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடிகிற பால். அசல் சரக்கின் காரத்தை நேரடியாகத் தாங்க முடியாது என்பதால் கோந்தும் மாவும் கூட்டித்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. இதனால் சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று, மிளகாய்ப்பொடி, ஊறுகாய், மோர் எல்லாம் போயின. சட்னியோடு தோசை மட்டும் என்றால், அதே கல்லில் ஐந்து நிமிஷம் முன் ரவா தோசை வார்த்திருக்கும். தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஓர் இழுப்பு, உடனே அடுத்த தோசை. தோசைத் திருப்பியும் ஒன்றுதான். பஜ்ஜி பொரித்த எண்ணெயில்தான் வடையும் வேகிறது.

அடுத்து, நுங்கம்பாக்கம் ஆழ்வார்பேட்டைப் பக்கம் முளைத்திருக்கும் புதுக் காபிக் கடைகள். அங்கே விலைப்பட்டியலிலேயே ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்று ஓர் இலைக்குறி போட்டிருக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது உள்ளபடியே மனசு நெகிழ்ந்துவிட்டது. என் நோய்க்கு ஒரு பட்டணம் இடம் ஒதுக்கியிருக்கிறது! கொண்டுவந்து வைத்த பையன் “டயட்டா சார்?” என்று கேட்டான். இந்த ரொட்டியை எதில் சுடுகிறீர்கள் என்று கேட்டேன். எல்லா ரொட்டியையும் சுடும் அதே யந்திரத்தில்தான் என்றான். இலைக்குறி இடை குறைக்க வருகிறவர்களுக்காகப் போட்டது. அவர்களுக்கு அது போதும். சிறுதானிய ஹோட்டல்களும் இப்படித்தான். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அவை பெருகின. ஆனால் கம்பு, வரகு என்று முன்பக்கம் படம் போட்ட நூடுல்ஸ் பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் கோதுமை மாவும் இருக்கிறது. பொட்டலத்துக்காவது சட்டம் உண்டு. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால் அந்தப் பெயரில் விற்க முடியாது. அடுப்படிக்கு எந்த அளவுகோலை வைப்பது?

ஆங்கிலம் படித்த காலத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் முறையைப் பாடமாகச் சொன்னார்கள். ஆசிரியன் பெயர், காலம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கவிதையை மட்டும் பார் என்கிற முறை. இன்றைக்கும் அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஹோட்டல் விஷயத்தில் அது செல்லாது. தட்டில் இருக்கும் தோசை எனக்கு எதையும் சொல்வதில்லை. அது எந்தக் கல்லிலிருந்து வந்தது, அதற்கு முன் அந்தக் கல்லில் என்ன இருந்தது, மாவை எந்த மில்லில் அரைத்தார்கள், அந்த மில்லில் அதற்கு முன் யாருடைய கோதுமை அரைபட்டது என்பதெல்லாம்தான் எனக்கு தோசை.

கேட்பதற்குச் சொல்லும் இல்லை. க்ளூட்டனுக்குப் பசையம் என்று தமிழ் செய்திருக்கிறார்கள். நல்ல சொல்தான். லத்தீன் மூலத்துக்கும் பசை என்றே அர்த்தம். ஆனால் பசையம் என்று சொன்னால் எந்த சரக்கு மாஸ்டருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. சினிமா போஸ்டர் ஒட்ட மைதாவைக் காய்ச்சுகிறார்களே, அந்தப் பசை என் குடலில் ஒட்டிக்கொள்கிறது என்றேன் ஒருவரிடம். சட்டென்று புரிந்துகொண்டு தனிச் சட்டியில் முட்டை பொரித்துக் கொடுத்தார். உவமை சாஸ்திரப்படி பொய். பசை எதுவும் ஒட்டுவதில்லை. பொய்யான உவமை சரியான காரியத்தைச் செய்துவிட்டது. கவிதை பற்றி எழுதுகிறவன் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் தெளிவில்லை.

தேடத் தேட ஒரு விசித்திரம் புலப்பட்டது. ‘சுத்த சைவம்’ என்ற போர்டு எனக்கு ஆபத்தின் அடையாளம். ஆசாரமான சமையல் என்றால் பூண்டு வெங்காயத்தின் இடத்தில் பெருங்காயம் தாராளமாக விழும். சிதம்பரத்தின் கொத்சுகூட எனக்கு ஆகாது. மாறாகக் கடலூர் முதுநகர்ப் பக்கம் துறைமுகத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில், வெறும் சோறும் புளி கரைத்த மீன் குழம்பும் பத்திரம். மீன் குழம்பில் பெருங்காயம் போடுவது அங்கே வழக்கமில்லை. சென்னையிலும் பிறகு அப்படித்தான் தேடினேன். சுத்தத்தின் ஏணியில் எது மேல்படியோ அது எனக்குக் கீழ்ப்படி.

ஏணி என்று சொல்லிவிட்டதால் மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஹோட்டலில் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எந்தப் பாத்திரத்தில் சமைத்தது? இந்தக் கரண்டி வேறு எதையாவது தொட்டதா? எனக்குத் தனியாக எடுத்து வைக்க முடியுமா? இவை தமிழில் புதிய வாக்கியங்கள் அல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதைப் பற்றி 1924-25இல் நாடே சண்டையிட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் போர்டிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். டீக்கடையில் இரட்டைக் குவளை. நந்தன் வாசலில் நின்ற கதையைச் சொல்லும் சிதம்பரத்தில்தான் சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. தொடுவது, தனிப்பாத்திரம், கலப்பது என்று என் நோய் பேசும் மொழி முழுக்க ஏற்கெனவே பாழ்பட்டுக் கிடக்கும் மொழி. க்ளூட்டன் என்பது ஒரு பொருள். சமைத்தவர் யார் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவர் காதில் பொருள் விழுவதில்லை, ஆள்தான் விழுகிறது.

சிதம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் என் கல்லூரி நண்பன் வீடு. தலித் குடும்பம். நான் பிறந்த வீட்டார் அந்தத் தெருவில் தண்ணீர் குடித்தவர்கள் அல்லர். படிக்கும் காலத்தில் நான் அங்கே தின்றதற்குக் கணக்கில்லை. நோய் தெரிந்து அடுத்த வருஷம் அவன் புது வீடு கட்டிக் குடிபோனான். பந்தியில் சாம்பார், கேசரி, வடை. நான் சாப்பிடவில்லை. அவன் அம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு பையன் கடையிலிருந்து மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மேல்தெருவிலிருந்து யாராவது வந்தால் அந்தத் தெருவில் என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்திருந்தாள்.

எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்று சொன்னேன். குடல், கோதுமை, பெருங்காயம், எல்லாம். கேட்டுவிட்டு, “கோதும தான் ஆவாதா? சோறு ஆவும்ல?” என்றாள். ஆகும் என்றேன். “அத மொதல்லியே சொல்றதுக்கு என்னா தம்பி. பெருங்காயம்லாம் நம்ம கொழம்புல எப்பப்பா போட்டோம்? அது சமையக்காரன் போட்டது.” தனியாக உலை வைத்தாள். வீட்டில் வறுத்து அம்மியில் அரைத்த மிளகாயும் தனியாவும். கருவாட்டுக் குழம்பு. கரண்டியை என் கண்ணெதிரே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, “பாத்துக்க” என்று காட்டினாள். அந்தக் ‘காட்டியது’ எனக்குத் தொண்டையில் நின்றது. சாப்பிட்டேன். அந்த வார்த்தையில் கோபம் இருந்ததா, கேலியா, வெறும் கவனமா என்று இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

அதற்குப் பின் சென்னையில் நான் கேட்கும் விதம் மாறியது. முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், பிறகுதான் பாத்திரத்தைக் கேட்கிறேன். கேள்வி ஒன்றுதான், வரிசை வேறு. இந்த வரிசையில் கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதில்லை. பதிலும் வேறு மாதிரி வருகிறது. நம் சர்வர்களின் “அதெல்லாம் இல்லீங்க” என்பது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. அதைத் தகவலாக எடுத்துக்கொண்டால் மூன்று நாள் படுக்கை. “தெரியலைங்க, இருங்க, உள்ளே கேட்டுட்டு வரேன்” என்று எவன் சொல்கிறானோ அவன் இருக்கும் ஹோட்டல்தான் எனக்கு ஹோட்டல். விமரிசனத்திலும் ‘தெரியவில்லை’ என்று எழுதத் துணிகிறவர்கள் குறைவு என்பதால் அந்தப் பதிலின் அருமை எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்தில் சென்னையில் இப்படி நாலு இடம் தேறியிருக்கிறது. இரண்டு மீன் சாப்பாட்டு மெஸ், ஓர் இட்லிக்கடை, ஒரு கேரளத்து ஹோட்டல். நாலிலும் இலைக்குறி கிடையாது. பெயர்களைக் கேட்டு நண்பர்கள் எழுதுகிறார்கள். கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. போன மாதம் எழும்பூர் மெஸ்ஸில் பழைய சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டார். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் சிரித்து, “உங்க சாப்பாடுதானே” என்றார். புது ஆளுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்வரை இலை போட வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.