வெயிலுக்கு முழுக்கை

பங்குனி பிறந்துவிட்டால் தையல் மேசைக்கு வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்பார்கள்: "அரைக்கையாத் தைச்சுடுங்க, வெயில் தாங்கல." கை எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காவலூர் மாதிரி ஒரு மலையூரிலிருந்து அன்றாடம் கிளம்பி வெயிலில் நடமாடுகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது என்பது என் கட்சி. அவருக்கு ஏற்றது தளர்வாக வெட்டிய முழுக்கைப் பருத்திச் சட்டைதான். சட்டைக்குள் காற்று ஓட இடம் இருக்கிறதா, நேரத்துக்குத் தகுந்தாற்போல் கையை ஏற்றி இறக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். கோடைச் சட்டையின் நல்லது கெட்டது அந்த இரண்டில் அடங்கிவிடும்.

காவலூர் வெயிலைப் பேசுமுன் அதன் வானத்தைப் பேசியாக வேண்டும். வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் வானாய்வுக்கு இந்த இடத்தைத் தேர்ந்ததும், 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியதும், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்ததும் இந்த வானத்தை நம்பித்தான். நகர வெளிச்சம் எட்டாத, மேகம் குறைந்த இரவுகள் தொலைநோக்கிக்குத் தேவை. அதே தெளிவு உச்சிப் பொழுதில் வெயிலை மட்டுப்படுத்தாமல் தோளில் இறக்குகிறது. ராத்திரியானால் தரையின் சூட்டைத் தடுத்து நிறுத்த மேகம் இல்லாததால் சீக்கிரம் குளிர்கிறது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையும் மாலையும் கீழ்நாட்டைவிட இதமாகவே இருக்கும். ஆனால் இங்கிருந்து ஆலங்காயம் இறங்கி வாணியம்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ வேலைக்குப் போகிறவர், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட வட்டாரத்தில் பகலைக் கழிக்கிறார். விடியற்காலைக் குளிர், மதிய வெயில், ராத்திரி மலைக்காற்று என்று மூன்றையும் ஒரே சட்டை தாங்க வேண்டும். அரைக்கைச் சட்டைக்கு ஒரு நிலைதான் உண்டு. முழுக்கையை இறக்கி விடலாம், ஒரு மடிப்பு மடிக்கலாம், முழங்கை வரை ஏற்றலாம்.

வெயிலில் வேலை செய்து பிழைக்கிறவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் புடவைக்கு மேலே என்ன போட்டுக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டைதான். பித்தான் போட்டு, கையை மணிக்கட்டு வரை இறக்கி விட்டிருப்பார்கள். அரைக்கைச் சட்டை வீட்டில் இருந்தாலும் அதை எடுப்பதில்லை. தோலின் வெப்பம் பொதுவாக 33 முதல் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் திறந்த தோலிலிருந்து சூடு வெளியே போவதற்குப் பதிலாகக் காற்றின் சூடு உள்ளே ஏறுகிறது. அதற்கு மேல் நேர் வெயில் வேறு. அப்போது தோலை மூடும் துணி நிழலாகிறது. வியர்வை மட்டும்தான் குளிர்விக்க முடியும், அது ஆவியாகிப் போக உள்ளே காற்று ஓடினால் போதும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நடந்த ஓர் ஆய்வு 1980-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. பெதுயின் மக்கள் சுடும் பாலையில் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதே கேள்வி. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை உறிஞ்சியது உண்மை. ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வருமுன்பே காற்றோடு போய்விட்டது. தோலுக்கு வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான். வெளிர் நிறம் நல்லதுதான், நானும் அதையே எடுக்கச் சொல்வேன். என்றாலும் தளர்வுக்குப் பிறகுதான் நிறம்.

தளர்வு என்றால் தொளதொளப்பு இல்லை. 38 அங்குல மார்புக்கு 43 வைத்து வெட்டினால் சுற்றளவில் 5 அங்குலம் கூடுகிறது. அதை உடம்பைச் சுற்றிப் பரப்பினால் சராசரியாக முக்கால் அங்குலத்துக்குக் காற்று நிற்கும். 'ஸ்லிம் ஃபிட்' என்று 41-ல் நிறுத்தினால் அது அரை அங்குலமாகிவிடும். வியர்த்ததும் துணி முதுகில் ஒட்டி அதுவும் போய்விடும். ஆனால் தோளில் இந்தத் தாராளம் கூடாது. தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். அங்கே இறங்கினால்தான் சட்டை அண்ணனுடையது மாதிரித் தெரியும். தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் மார்பிலும் கையிலும் இருக்கும் தளர்வை யாரும் குறை சொல்வதில்லை. ஆம்ஹோல் விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. அதை ஆழமாக வெட்டினால் கைக்கு வசதி என்று நினைக்கிறார்கள். ஆழம் கூடினால் அக்குளுக்குக் கீழே கையும் உடம்பும் ஒரே துணியாக இணைந்துவிடுகிறது. மலைப் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்ததும் சட்டை மொத்தமாக இடுப்பிலிருந்து எழும்பிவிடும். அக்குளை ஒட்டி மேலே நிறுத்தி, கைத்துணியை அகலமாக வெட்டினால் கை மட்டும் உயரும், சட்டை நின்ற இடத்தில் நிற்கும். முதுகில் பட்டைக்குக் கீழே ஒரு பிலீட் விட்டால் குனிந்து நிமிர இன்னும் இடம் கிடைக்கும்.

துணியில் நூலைப் பார்க்க வேண்டும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன் கசங்காது, சீக்கிரம் காயும், உழைக்கும். அதனால்தான் இத்தனை காலம் நம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் நெருக்கமாக நெய்த டெரிகாட்டனுக்குள் வியர்வை தேங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே கண் தெரிகிற மெல்லிய பருத்தியோ கைத்தறியோ கோடைக்கு நல்லது. ரொம்ப மெல்லிசாக எடுத்தால் வெயில் ஊடுருவும், உள்பனியனும் தெரியும். வெட்டுமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைப்பது கட்டாயம். இதைத் தவறவிட்ட முழுக்கை, முதல் சலவையிலேயே மணிக்கட்டுக்கு மேல் ஏறி நிற்கும். கஃபுக்கு விறைப்பான பக்ரம் வேண்டாம். விறைத்த கஃப் மடியாது, மடித்தாலும் நிற்காது. கைப்பட்டியை 5, 6 அங்குலம் நீளமாக வைத்து நடுவில் ஒரு பித்தானும் கொடுத்தால், அதைக் கழற்றியதும் கை அகலமாகத் திறந்து மடிப்பு இறுகாமல் வரும்.

போட்டுக்கொள்ளும் விதத்துக்கும் அதே நியாயம்தான். மேல் பித்தானைத் திறந்து, இன் பண்ணாமல் விட்டால் கீழே நுழைகிற காற்று சூடேறி, புகைபோக்கியில் ஏறுவதுபோல் கழுத்து வழியாக வெளியேறும். இன் பண்ணினால் கீழ்வாசல் அடைபட்டுவிடும். வெளியே விடுகிற சட்டைக்கு ஆப்பிள் கட் சரிப்படாது. அந்த வளைவு பேன்ட்டுக்குள் போவதற்காக வெட்டுவது. நேர்வெட்டாக, பக்கத்தில் இரண்டு அங்குலம் பிளவு விட்டு, நீளத்தைப் பேன்ட் ஜிப்பின் பாதியோடு நிறுத்தினால் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். கையை மடிக்கும்போது கஃப் அகலத்துக்கே இரண்டு மடிப்பு, முழங்கைக்குக் கீழே நிறுத்த வேண்டும். முழங்கைக்கு மேல் சுருட்டி ஏற்றினால் ரவுடித்தனமாகத் தெரிகிறது என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே துணி திரண்டு கையை இறுக்கும், காற்றோட்டமும் நின்றுபோகும்.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. நாள் முழுக்க நிழலில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அரைக்கைதான் சுகம். அங்கே வெயிலும் இல்லை, திறந்த கையில் காற்றும் படுகிறது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் எந்தத் துணிக்குள்ளும் வியர்வை லேசில் காயாது. அங்கே என் வாதத்தின் பலம் குறைகிறது. வறண்ட உள்நாட்டுக்கும் மலைக்கும்தான் இதை உறுதியாகச் சொல்கிறேன். முழுக்கைக்குக் கால் மீட்டர் அளவுக்குத் துணி கூடும், கூலியும் கொஞ்சம் கூடும். ஆனால் அதே சட்டை கார்த்திகை, மார்கழிக் குளிருக்கும் உதவும். அரைக்கையை அப்போது பெட்டியில்தான் வைக்க வேண்டும். இஸ்திரி வேலை கூடுகிறது என்பதை மறுக்கவில்லை. கை மடித்தே போடுகிற சட்டைக்குக் கையில் கத்தி மாதிரி கோடு விழுந்தாக வேண்டும் என்றும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் அரைக்கைதான் வேண்டும் என்றால் தைத்துக் கொடுப்பேன். அதையும் ஸ்லிம் ஃபிட்டாகக் கேட்டால்தான் வாதாடுவேன், ஏனென்றால் கை அளவைவிட மார்பில் விடுகிற இரண்டு அங்குலம் வெயிலில் அதிகம் உதவும். அளவு கொடுக்க நிற்கிறவர்கள் பழைய சட்டையை நீட்டி "இதே மாதிரி" என்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருப்பீர்கள், ராத்திரி எந்த ஊருக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், எவ்வளவு கை, எவ்வளவு தளர்வு என்பதைத் தையல்காரர் கணக்குப் போட்டுக்கொள்வார்.