காலிக் கட்டத்துக்கும் ஒரு ஃபில்டர்



ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. கூட்டம் அந்தக் கிழமையில் வந்தால் பேச வேண்டியவர்கள் பலர் கடலில் இருப்பார்கள். அதனால் தெருக்காரர்களின் கோரிக்கைகளை முன்கூட்டியே கேட்டுக் கூகுள் ஷீட்ஸில் எழுதி வைக்கிறேன்.

அதில் 'ஃபில்டர் வியூ' என்று ஒன்று உண்டு. சாதாரண ஃபில்டர் போட்டால் பட்டியலைத் திறக்கும் எல்லோருக்குமே அது மாறித் தெரியும். இதில் அப்படியில்லை, அவரவர் பார்வை அவரவருக்கு. பெயர் வைத்துச் சேமித்தும் கொள்ளலாம். குடிநீர், தெருவிளக்கு, நிலுவை என்று மூன்று வைத்திருக்கிறேன்.

ஆனால் நாலாவதுதான் முக்கியம். 'நிலை' என்ற பத்தியில் 'நிலுவை' என்று இருப்பதை மட்டும் காட்டச் சொன்னால், அந்தக் கட்டம் காலியாக உள்ள வரிசைகள் மறைந்துவிடும். யாருடைய கட்டம் காலியாகக் கிடக்கும்? மனு எழுதத் தெரியாமல், வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கைம்பெண் உதவித்தொகை பற்றிக் கேட்டுவிட்டுப் போனவருடையது. ஆகவே நாலாவது ஃபில்டர், 'காலியாக உள்ளவை'. கூட்டத்துக்கு முந்தின நாள் அதைத்தான் முதலில் திறப்பேன்.

மறைந்த வரிசை அழிந்துபோவதில்லை. ஆனால் கண்ணில் படாதது பேச்சில் வராது. பேச்சில் வராதது தீர்மானத்தில் ஏறாது.

அலுவலகக் கூட்டங்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் என் பிள்ளைகளே, மென்பொருள் எதுவானாலும் காலிக் கட்டத்துக்கு ஒரு ஃபில்டர் போட்டு வையுங்கள்.