அந்தக் கைக்கு நான்தான் பொறுப்பு

கச்சிராயபாளையத்திலும் கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கத்திலும் என்னைத் தெரிந்தவர்களிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். என் தோப்பில் கிளை கழித்துக்கொண்டிருந்த பையன் கவனமில்லாமல் செயின்சா மிஷினைப் பிடித்ததால் கையை வெட்டிக்கொண்டான் என்பதுதான் அந்தப் பொய். அவன் கவனமாகத்தான் இருந்தான். அந்த மிஷினை வாங்கியவன் நான். அதில் பழுது இருப்பது தெரிந்தும் அவன் கையில் கொடுத்தவனும் நான்.

தோப்பு கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் போகும் வழியில் இருக்கிறது. புளியும் மாவும்தான் அதிகம். வேலியோரம் கிளைரிசிடியா, நடுநடுவே வேம்பு. புளி உலுக்கி முடித்த பிறகு காய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும், மாமரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும், வேலியைத் தறித்துவிட வேண்டும். அறுக்க வேண்டியவை பெரும்பாலும் கைப்பருமன் கிளைகள், மிஞ்சிப்போனால் தொடைப்பருமன். காற்றில் மரம் சாய்ந்தால்தான் பெரிய அறுப்பு, அதுவும் எப்போதாவது. இந்த வேலைக்கு நான் வாங்கியது 58 சிசி இன்ஜினும், செயின் சுற்றி ஓடும் 22 அங்குல பாரும் கொண்ட செயின்சா. கடையில் அதன் பக்கத்திலேயே சின்னது ஒன்று இருந்தது. விலை மூன்று மடங்குக்கு மேல். இத்தனூண்டு சாமானுக்கு இவ்வளவு காசா என்று தோன்றியது. காசு மட்டும் காரணம் என்றால் அதுவும் பொய்யாகிவிடும். பெரிய மிஷின் வைத்திருப்பவர் என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீளமான பாரைப் பார்த்ததும் அந்த ஆசைதான் முடிவெடுத்தது.

அந்தப் பையன் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துக்காரன், மலையாளிப் பழங்குடி இனத்தவன். மரவள்ளியும் தினையும் போடுகிற சொந்த நிலத்தை வைத்து வருடம் முழுக்க ஓட்ட முடியாத குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் மிளகு, காபித் தோட்ட வேலைக்குப் போவார்கள். அவனும் போனவன்தான். அங்கே நிழல்மரம் கழித்துப் பழகிய கை. என் மிஷினை முதல்முறை தூக்கிப் பார்த்தபோதே சொன்னான்:

"அண்ணே, இது கைக்கு அடங்கல. நாள் முழுக்க கிளை கழிக்கணும்னா சின்னதா ஒண்ணு வாங்குங்கண்ணே. குடகுல நாங்க சின்னதுலதான் அறுப்போம்."

"பெரிய மிஷின் சின்ன வேலைய செய்யாதாடா?" என்று கேட்டேன். அவன் பேசாமல் இழுத்து ஸ்டார்ட் செய்தான். கூலிக்கு வந்தவன், அதற்கு மேல் என்ன சொல்வான்?

அவன் சொன்னதன் பொருள் இப்போது முழுதாகப் புரிகிறது. 58 சிசி மிஷினில் பெட்ரோல், பார் ஆயில், பார், செயின் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோவை ஒட்டி வரும். அந்த எடையை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருப்பது வேறு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை மாற்றுவது வேறு. நீளமான பார் முன்பக்கம் இழுக்கும். அதைத் தாங்குவது இடது மணிக்கட்டு. கொஞ்ச நேரத்தில் தோள் விட்டுப்போகும், விரல் மரத்துப்போகும், பிடி தளரும். கிளை கழிக்கும்போது ஒரு அறுப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் மிஷினைச் சுமந்துகொண்டு நகர்வதுதான் வேலை. அதனால் இந்த வேலைக்கு மிஷின் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது எடையை. நான் பார்த்தது சிசியை.

சின்ன மிஷின் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தது என் அறியாமை. தொழில்முறைக்காரர்களுக்கென்றே சின்னதாகச் செய்கிற மிஷின்கள் உண்டு. ஸ்டில் எம்.எஸ். 151 வகையில் இன்ஜின் 23.6 சிசிதான், பாரும் செயினும் சேர்க்காமல் மூன்று கிலோவுக்குள் அடங்கும். எக்கோ சிஎஸ்-2511டி 25 சிசி, இரண்டு கிலோ 300 கிராம் அளவில் இருக்கும். நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்ததால் இவற்றுக்கு அந்த விலை. இன்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பு, காற்று வடிகட்டி, பிரேக், கழற்றிப் பழுது பார்க்க வசதி என்று காசு போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. மலிவு மிஷினில் கண்ணுக்குத் தெரிவது பாரின் நீளம். நான் தெரிந்ததற்குக் காசு கொடுத்தேன்.

அறுப்பது இன்ஜின் மட்டும் இல்லை, செயின் பல்லும்தான். இன்று நாம் பயன்படுத்துகிற வளைந்த பல் செயினை அமெரிக்க மரவெட்டி ஜோசப் காக்ஸ் 1940-களில் உருவாக்கினார். மரத்துக்குள் துளைத்துப் போகிற வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பல்லை அரம் போட்டுக் கூராக வைத்திருந்தால் சின்ன இன்ஜினும் சில்லுசில்லாக அறுத்துத் தள்ளும். மழுங்கினால் தூள் கொட்டும். அறுக்கிறவன் அழுத்த ஆரம்பிப்பான். எங்கள் மிஷின் பல நாள் தூள்தான் கொட்டியது. சரியான அளவு அரம் வாங்கித் தரச் சொல்லி அவன் கேட்டிருந்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

இதைவிடப் பெரிய குற்றம் பிரேக். முன் கைப்பிடிக்கு மேலே நிற்கும் கைக்காப்புதான் செயின் பிரேக்கை இயக்குவது. மிஷின் முகத்தை நோக்கித் துள்ளினால் அந்தக் காப்பு மணிக்கட்டில் பட்டோ, துள்ளும் வேகத்திலேயோ சாய்ந்து செயினை நிறுத்தும். ஒருநாள் மிஷின் டிராக்டரிலிருந்து விழுந்ததில் எங்கள் கைக்காப்பு உடைந்தது. பாகம் வர நாளாகும் என்று கடையில் சொன்னார்கள். இன்ஜின் ஓடியது, செயின் சுற்றியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று மாலை கழித்துப்போட்ட புளியங்கிளையைத் தரையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். புளியங்கிளை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். 22 அங்குல பாரின் நுனி இந்தப் பக்கத்துக் கிளையைத் தாண்டி, மிலாறுக்குள் மறைந்திருந்த இன்னொரு கிளையில் பட்டது. பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் செயின் கடித்துப் பின்னோக்கி உதறும். கண்ணிமைப்பதற்குள் பார் எழும்பிவிடும். எவ்வளவு அனுபவசாலியாலும் கையால் தடுக்க முடியாது. அதற்காகத்தான் பிரேக். காலையிலிருந்து தூக்கி ஓய்ந்த கையில் பிடி நழுவியது. இடது முன்கையில் செயின் ஏறியது. பத்து, பன்னிரண்டு அங்குல பார் போட்ட மிஷினாக இருந்திருந்தால் நுனி அவன் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கும்.

துண்டை இறுக்கிக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியில் எனக்கு முதலில் வந்த யோசனை, உடைந்த காப்பைப் பற்றி யாரும் கேட்டால் என்ன சொல்வது என்பது. இதை எழுத வெகுநாள் தயங்கினேன்.

அவனுடைய அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "கவனமா புடிக்கணும்னு எத்தன வாட்டி சொன்னேன்" என்றேன். நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "புள்ள செஞ்ச தப்புக்கு நீங்க செலவு பண்றீங்களே" என்றார். கட்டிலில் படுத்திருந்த அவனுக்கு நாங்கள் பேசியது கேட்டது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததும் நல்ல முதலாளி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

அவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. குடகு வேலைக்கு இப்போது அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

பிறகு சின்ன மிஷின் வாங்கினேன். பின்கைப்பிடி வைத்தது, பன்னிரண்டு அங்குல பார். கைப்பிடி மேலே இருக்கிற வகை இன்னும் எடை குறைவு. ஆனால் அது கயிறு கட்டி மரமேறிக் கழிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. தரையில் நிற்கிறவன் கையில் அது கிடைத்தால் ஒற்றைக் கையால் பிடிக்கத் தோன்றும், அதனால் வேண்டாம் என்றான். ஆமாம், அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டியது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2021-இல் நானும் பெருமையாகப் பேசித் திரிந்தேன். அந்தச் சிற்பிகளில் யாருடைய உளியையும் அவருக்காக வேறொருவர் தேர்ந்தெடுப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவன் அப்பாவிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பொய்யை ஊர்முழுக்கச் சொன்னதால் உண்மையையும் ஊருக்குத் தெரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன். அவன்மீது ஒரு தவறும் இல்லை.

தோப்பு வைத்துக்கொண்டு ஆள் விட்டு மரம் கழிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மிஷின் வாங்குவதற்கு முன் அதைப் பிடிக்கப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். எடை அவர் கைக்கு ஒத்துவருகிறதா என்று தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட், கண்ணாடி, தொடைக்காப்பு, நல்ல பூட்ஸ் இவற்றை மிஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஏற்கெனவே மிஷின் இருந்தால், நாளைக் காலை வேலை தொடங்கும் முன் அதைச் சமதரையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, வேகம் கொடுத்து, இடது மணிக்கட்டால் கைக்காப்பை முன்னால் தள்ளிப் பாருங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று யாரையும் அறுக்க விடாதீர்கள்.