செவலைக் காளையின் கதை

என் பேரனுக்கு ஐந்து பிராயம் நிரம்பியது முதல், இரவு போஜனம் முடிந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்து, எதிரே அண்ணாமலை இருளோடு இருளாய் நிற்க, எங்கள் வம்சத்துக் கதைகளை அவனுக்குச் சொல்லி வருகிறேன். மல்லாட்டை மூட்டைகளை வண்டியேற்றித் திருவண்ணாமலைக்குக் கொணர்ந்து விற்றுவந்த என் பாட்டனார், மழை பொய்த்த ஓராண்டில், தம் செவலைக் காளைகள் இரண்டனுள் ஒன்றை விற்றுவிட்டு, மற்றொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இராமுழுதும் நடந்தே வீடு திரும்பினார் என்பது அவற்றுள் ஒன்று.

பிஞ்சு மனம் வருந்துமே என்றஞ்சி, முதன்முறை சொன்னபோது விற்றதை மறைத்து, காளை உறவினர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டேன். "செவல எப்ப தாத்தா திரும்பி வரும்?" என்று அவன் பத்து நாள் விடாமல் கேட்டான், பத்து நாளும் என்னிடம் விடையில்லை.

அவ்வாண்டு மாசி மகத்தன்று அவனைப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு அழைத்துச் சென்றேன். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்து, 1340-களின் முற்பகுதியில் மதுரை சுல்தானோடு பொருது மாண்ட ஹொய்சள வேந்தன் மூன்றாம் வீர வல்லாளனுக்கு, சரித்திரம் ஒரு மகனைக் கூறினும், புத்திர பாக்கியமின்றி ஏங்கிய அவனுக்கு அண்ணாமலையாரே மகனாய் வந்தார் என்பது எங்கள் ஊரின் ஐதீகமாதலால், ஆண்டுதோறும் அந்நாளில் சுவாமி கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் நின்று அவனுக்குத் திதி கொடுக்கிறார். தோற்று மடிந்த ஒருவனின் கதையை இத்தனை தலைமுறையாக மறைக்காமல் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த ஊரில், ஒரு காளை விலைபோனதைச் சொல்ல நான் அஞ்சியது எனக்கே வெட்கமாயிருந்தது.

அன்றிரவு உள்ளபடி சொன்னேன். அழுதான், ஆறுதல் கூற அவசரப்படாமல் பக்கத்தில் இருந்தேன். கஷ்டமான வாக்கியத்துக்குப் பின் வாய்மூடி இருப்பதே கதை சொல்லும் தொழிலில் எனக்குக் கடைசியாகக் கைவந்தது. பிறகு அவன் கேட்டதெல்லாம், மிஞ்சிய காளை அன்றிரவு புல் தின்றதா என்பதுதான். அந்தச் செய்தியை எனக்கும் யாரும் சொல்லவில்லை, தெரியாது என்றேன்.

இப்போது அவன் தன் தங்கைக்கு இக்கதையைச் சொல்லுகிறான். "வித்துட்டாங்க பாப்பா" என்றதும் சற்று நிறுத்திக்கொள்கிறான்.