அக்சஷன் நம்பர் 00417

ஜனவரி 6, 2025

மாலையில் நூலகர் அம்மாவின் போன். "தம்பி, ரிட்டர்ன் எடுக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க வரிசையா நிக்கிறாங்க. நோட்டுல எழுதிக்கிட்டிருக்கேன், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

சர்வரில் பைத்தான் 3.13க்கு ஏறியிருக்கிறது. 'சிஜிஐ' என்ற மாட்யூல் இல்லை என்று ஒரே வரிப் பிழை. எங்கள் நூலக மென்பொருள் வெப்.பை என்ற ஃபிரேம்வொர்க்கின் மேல் நிற்கிறது. எங்களிடம் இருக்கும் அதன் பதிப்பு, படிவங்களைப் பிரித்துப் படிக்க அந்த மாட்யூலைத்தான் நம்பியிருக்கிறது. பைத்தான் 3.11 வந்தபோதே எச்சரிக்கை கொடுத்து, 3.13இல் அதை எடுத்தேவிட்டார்கள். 'லெகசி-சிஜிஐ' என்ற தனித் தொகுப்பை நிறுவியதும் எல்லாம் எழுந்து உட்கார்ந்தது.

ஜனவரி 7

தூக்கம் வரவில்லை. அடுத்த முறை எது போகும்?

ஜனவரி 11

ஆரன் ஸ்வார்ட்ஸ் மறைந்த நாள். 2013இல், 26 வயதில். வெப்.பையை 2006 ஜனவரியில் வெளியிட்டபோது அவருக்கு வயது 19. ரெட்டிட் தளம் லிஸ்ப்பை விட்டுப் பைத்தானுக்கு வந்தது இதன் மேல்தான். ஓப்பன் லைப்ரரியைக் கட்டியதும் இதில்தான். காப்புரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் பொதுச் சொத்தாக விட்டுவிட்டார்.

ஒரு கிளாஸ், அதற்குள் கெட், போஸ்ட் என்று இரண்டு ஃபங்ஷன். ஒரு பக்கம் முடிந்தது. நான் வெப் நிரல் கற்றதே இதில்தான். விட்டுப் போக மனம் வரவில்லை.

ஜனவரி 19

வெப்.பைக்குப் பதிலாக ஃபாஸ்ட்ஏபிஐ என்ற ஃபிரேம்வொர்க் என்று முடிவாகிவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் இடித்துவிட்டுத் திரும்ப எழுதப் போவதில்லை. புதிய செயலி முன்னால் நிற்கும். அதற்குத் தெரியாத முகவரிகள் 'ஏ2விஸ்கி' என்ற தொகுப்பின் வழியாகப் பழைய செயலிக்குப் போகும். பக்கம் பக்கமாக மாற்றிக்கொண்டே வரலாம். எந்த நூலகமும் ஒரு நாள்கூட நோட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. இன்று மனம் லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 2

இரண்டு நாளாக ஒரே கவலை. வெப்.பையில், இப்போது கேட்பவர் யார், எந்த நூலகம் என்பதையெல்லாம் நிரலின் எந்த மூலையிலிருந்தும் 'வெப்.சிடிஎக்ஸ்' என்ற ஒன்றிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். அந்தந்த த்ரெட்டுக்கு அதனதன் சிடிஎக்ஸ். ஃபாஸ்ட்ஏபிஐயில் 'அசிங்க்' என்று எழுதிய ஃபங்ஷன்கள் ஒரே த்ரெட்டில் ஓடும். ஒன்று தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொன்று உள்ளே வரும். பழைய பழக்கத்தை அப்படியே தூக்கிவந்தால், ஒரு நூலகத்தில் கொடுத்த புத்தகம் இன்னொரு நூலகத்தின் கணக்கில் ஏறிவிடலாம். பிழைச்செய்தி எதுவும் வராது. நான் தனியாக ஓட்டிப் பார்த்தால் தெரியவும் தெரியாது. கூட்டம் சேரும்போதுதான் நடக்கும்; பள்ளி விடுகிற அந்த அரை மணி நேரத்தில்.

இனி ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கோரிக்கையைக் கையில் கொடுத்தே அனுப்புவது. நிரல் நீள்கிறது, கை வலிக்கிறது. ஆனால் யாருக்காக ஓடுகிறது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

பிப்ரவரி 3

ஒன்றும் ஓடவில்லை.

பிப்ரவரி 16

கல்லூரி மாணவி ஒருவர் ரிட்டர்ன் பக்கத்தை மாற்றி புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார். அழகான நிரல். புத்தகத்தின் சேர்க்கை எண்ணை, அதாவது அக்சஷன் நம்பரை, 'இன்ட்' என்று அறிவித்திருக்கிறார். யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். வகையை அறிவித்தால் ஃபாஸ்ட்ஏபிஐ தானே சரிபார்த்துக்கொள்ளும், அதன் பெரிய பலமே அதுதான். சோதனையில் 00417 என்று கொடுத்தால் 417 ஆகிவிட்டது. அந்த எண்ணில் புத்தகமே இல்லை. டி-112 கொடுத்தால் 422 என்று பிழை. வெப்.பை எதையும் தொடாமல் எழுத்தாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.

நூலகர் அம்மாவிடம் கேட்டேன். "டி-னு வர்றது நன்கொடையா வந்த புத்தகம் தம்பி, அதுக்குத் தனி ரிஜிஸ்டர். முன்னாடி இருக்கிற பூஜ்யம் புத்தகத்து முதுகுல மையில எழுதினது. அதைப் பார்த்துத்தான் அடிக்கிறோம்." ரிஜிஸ்டரின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினார். மாணவிக்கு அனுப்பி வைத்தேன். இரவே 'ஸ்ட்ரிங்' ஆக மாற்றிவிட்டார். எந்தச் சோதனைகள் எழுத வேண்டும் என்ற பட்டியலும் அந்தப் படத்திலிருந்தே கிடைத்தது.

மார்ச் 9

ரிட்டர்ன் பக்கம் புதியதில். யாரும் போன் செய்யவில்லை.

மார்ச் 23

ஏன் இதைச் செய்கிறேன் என்று இருக்கிறது. பயன்படுத்துபவர்களுக்குத் திரையில் ஒரு புள்ளிகூட மாறப்போவதில்லை.

மே 4

கொடுக்கல், வாங்கல், தேடல் எல்லாம் ஃபாஸ்ட்ஏபிஐயில். அபராதக் கணக்கும் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பும் இன்னும் வெப்.பையில்தான். லெகசி-சிஜிஐ சர்வரை விட்டு இன்னும் போகவில்லை. அபராதத்தில் கை வைக்கும் முன், எந்த விடுமுறையைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நூலகர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள். நிரல் தெரிய வேண்டியதில்லை.