ஒரு கடாவின் கணக்கு

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 'ஆடு' என்ற சொல் பேச்சுவழக்கில் பெரும்பாலும் வெள்ளாட்டையே குறிப்பதாலும், இறைச்சிக்கடையில் வெள்ளாடும் செம்மறியும் ஒரே 'ஆட்டிறைச்சி' ஆகிவிடுவதாலும், தீவின் சுதேசச் செம்மறியினமான யாழ்ப்பாணச் செம்மறி தன் சொந்தப் பெயரால் அறியப்படுவது அரிதாகவே உள்ளது. தென்னிந்தியாவிலிருந்து பாக்குநீரிணை கடந்து வந்ததாகக் கருதப்படும் இந்த இனம், தமிழ்நாட்டின் மேச்சேரி, வேம்பூர் ஆடுகளைப் போலவே கம்பளியின்றிக் குட்டை மயிர் கொண்டது; உடலோ சிறியது. வெயிலைத் தாங்குவதற்கும் மழையில் நனைந்தபின் விரைவில் உலர்வதற்கும் அம்மயிரே துணையாகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக்காரர்கள் இதனை இறைச்சிக்காக மட்டும் வளர்க்கவில்லை. அறுவடை முடிந்த தோட்டத்தில் இரவுதோறும் மந்தையை அடைத்து, புழுக்கையும் சிறுநீரும் மண்ணில் சேரச் செய்யும் 'பட்டியடைத்தல்' என்னும் எருவிடும் முறையும் அதன் மதிப்புக்கு ஒரு காரணமாக இருந்தது.

கிழக்குக் கரையில், திருகோணமலை நகரின் வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிக் கிடக்கும் உப்புவெளி, பெயருக்கேற்ப உவர்மண்ணும் மணலும் கலந்த கடலோர நிலமாகும். இங்கு புல்லின் ஆண்டு இரண்டாகப் பிரிகிறது: ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழையில் தரை பச்சை பிடிக்க, ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்றில் அதே தரை காய்ந்து வெளுத்துவிடுகிறது. வெள்ளாடு தலை நிமிர்த்திக் குழையைக் கடிக்கும். செம்மறியோ தலை தாழ்த்திப் புல்லையே நாடுவதால், கச்சான் காலத்தின் நெருக்கடி செம்மறி வளர்ப்பவரையே முதலில் தாக்குகிறது. பெரும்போக அறுவடைக்குப் பிந்திய வயல்தாள்களும் கிளிசிறியா, பூவரசுக் குழைகளும் ஓரளவு கைகொடுத்தாலும், கடற்கரையை நெருங்கி விடுதிகளும் வேலிகளும் பெருகிவிட்டதால் மந்தை நடந்து மேயும் தூரம் குறுகியிருக்கிறது. சுற்றுலாவின் வரவு செலவைக் கணக்கிடும்போது இந்த இழப்பை எழுதுவோர் எவருமில்லை.

விடியற்காலையில் பட்டியருகே நிற்பவருக்கு, வெளிச்சம் வந்தும் படலை ஏன் திறக்கப்படவில்லை என்ற வியப்பு எழலாம். இதற்குக் காரணம் சோம்பலன்று. செம்மறியின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் சுருள்புழுவின் இளம்பருவங்கள், பனி படிந்த புல்லின் ஈரப்படலத்தைப் பற்றி மேலேறி வாய்க்கு எட்டும் உயரத்தில் காத்திருக்கின்றன. பனி உலர்ந்தபின் மேயவிட்டால் ஆடு விழுங்கும் புழுக்கள் குறையும். மருந்தை எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் அதற்கு அஞ்சாத புழுக்களே மிஞ்சிப் பெருகும் என்பதால், கண்ணின் கீழிமையை விரித்துப் பார்த்து, அது சிவந்திருந்தால் விட்டுவிட்டு வெளுத்திருந்தால் மட்டும் மருந்து கொடுக்கும் முறை தென்னாபிரிக்காவில் வகுக்கப்பட்டு இன்று பல நாடுகளிலும் கையாளப்படுகிறது. கீழ்த்தாடையில் நீர்கோத்து வீங்கும்வரை காத்திருப்பது பெரும்பாலும் காலங்கடந்த வைத்தியமே. தீவனத்திலும் செம்மறிக்கென ஒரு தனி விதி உண்டு: செம்பு உலோகம் அதன் ஈரலில் எளிதில் தேங்கி நஞ்சாவதால், மாட்டுக்கென விற்கப்படும் கனிமக் கலவையைச் செம்மறிக்கும் வைப்பது ஆபத்தானது.

இவையனைத்தும் ஆட்டைக் காப்பதற்கான வேலைகளாகும். இனத்தைக் காப்பது வேறு வேலை, அதன் முடிச்சு கடாவிலேயே இருக்கிறது. முப்பது பெண்ணாடுகளும் ஒரே கடாவும் உள்ள பட்டியில் தலைகள் 31 என்றாலும், பிறக்கும் ஒவ்வொரு குட்டியிலும் பாதிப் பரம்பரை அந்த ஒரு கடாவினுடையதே ஆகையால், மரபியலாளர் 'பயனுறு எண்ணிக்கை' என்னும் வேறொரு கணக்கைப் போடுகின்றனர்: ஆண், பெண் தொகைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுப்பது. அவ்வாறு பார்த்தால் அப்பட்டியின் மதிப்பு நான்கைக்கூட எட்டாது. உள்ளினச் சேர்க்கை, அதாவது இரத்த உறவுடையவை தம்முள் இணைவதன் அளவு, ஒவ்வொரு தலைமுறையிலும் சுமார் 13 சதவீதம் ஏறும். அதே முப்பது பெண்ணாடுகளுக்குக் கடாக்கள் மூன்றானால் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆக உயர்ந்து, அந்த ஏற்றம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் ஓர் இனத்துக்கு இந்தப் பயனுறு எண்ணிக்கை குறைந்தது 50 வேண்டும் என்பதால், எந்தச் சிறு பண்ணையும் தனித்து நின்று ஓர் இனத்தைக் காப்பாற்ற இயலாது என்பது இக்கணக்கிலேயே தெளிவாகிறது.

ஆனால் சந்தை கேட்பது அந்தக் கடாவைத்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நல்ல வளர்த்தியுள்ள ஆண் ஆடுகளே நல்ல விலைக்குப் போவதால், வளர்ப்பவர் நலிந்த கடாவைப் பட்டிக்கு வைத்துக்கொண்டு சிறந்ததை விற்றுவிடும் நிலை எளிதில் உருவாகிறது. பணமுடை உள்ள குடும்பத்தை இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது. மற்றொரு வழி, பெரிய உடலுள்ள வெளியினக் கடாவை வாங்கி விடுவது. முதல் தலைமுறைக் குட்டிகள் எடை கூடியிருப்பதால் அது வெற்றியாகவே தோன்றும். கென்யாவில் குடற்புழுவைத் தாங்கும் உள்ளூர்ச் செம்மாசாய் ஆடுகளோடு டோர்ப்பர் என்னும் வெளியினக் கடாக்கள் 1970களிலிருந்து பரவலாகக் கலக்கப்பட்டதில், கலப்பற்ற செம்மாசாய் மந்தைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளாகிவிட்டன. எடை கூடிய கலப்பினங்களோ வறட்சியிலும் புழுவிலும் பின்தங்கின.

உறைநிலையில் விந்தைச் சேமிப்பது பசுவுக்குப் போலச் செம்மறிக்கு எளிய தீர்வாகாது. பெண்ணாட்டின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக வளைந்திருப்பதால், உறைந்த விந்தை அவ்வழியே செலுத்தினால் சினை பிடிப்பது குறைவு. வயிற்றில் துளையிட்டுக் குழாய்வழி செலுத்தும் நுட்பமோ சிற்றூரில் கிடைப்பதன்று. ஆகவே எஞ்சுவது பழைய வழியே: நிலாவெளிப் பக்கப் பட்டி ஒன்றின் கடா உப்புவெளிக்கும், இங்குள்ளது அங்கும் மாறுவது, அத்தோடு எந்தக் குட்டி எந்தக் கடாவினது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, காதில் இலக்கப்பட்டி இடுவது. பின்னது இல்லாமல் முன்னதால் பயன் குறைவு, ஏனெனில் பெயர் தெரியாமல் கைமாறும் கடா அதே தகப்பனின் மகனாகவும் இருக்கக்கூடும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆவணி பிறக்கும்போது பட்டியில் விடப்படும் கடாவின் முதற்குட்டிகள், பெருமழை ஓய்ந்து புல் செழித்திருக்கும் தைப்பொங்கல் அளவில் தரையில் விழும். அதற்குக் கடாமாற்றம் ஆடிக்குள் முடிந்திருக்க வேண்டும். சந்திரக் கணக்கைப் பின்பற்றி ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்நகரும் ஹஜ்ஜுப் பெருநாள், அண்மைய ஆண்டுகளில் அதற்குச் சற்று முன்னரே வந்து கடாக்களைக் கொண்டுபோய்விடுகிறது.