மறைத்து வைப்பதும் அமானிதமே

 

புதையல் என்னும் சொல் நம் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. 1898-ஆம் ஆண்டில் ஆலங்குடி வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்துக்குக் குறுக்கே வெட்டுத் தடம் இருந்தது. அவற்றுள் பல இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் அவற்றை மறைத்து வைத்தவர் யாரோ! திரும்பி வந்து எடுத்துச் செல்ல அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அன்று தொட்டு இன்றுவரை புதையல் ஆசை நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. மை போட்டுப் பார்க்கிறேன், இஸ்மு ஓதி எடுத்துத் தருகிறேன் என்று வருவோரிடம் தாலிச் சங்கிலியையும் கைவளையலையும் இழந்த குடும்பங்களின் கண்ணீரை நாம் அறிவோம். உழைக்காமல் வரும் பொருள் மீதுள்ள ஆசை, ஈமானையே அசைத்துப் பார்க்கிறது. இந்த நோய்க்கு மருந்தாக நான் பரிந்துரைப்பதும் ஒரு புதையல் விளையாட்டே என்றால் நீங்கள் வியப்படையலாம். சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

அந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள் வழியே இடமறியும் ஜி.பி.எஸ். கருவியில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்கியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலக் காட்டுப்பகுதியில் ஒரு வாளியை மறைத்து வைத்தார். அதனுள் ஒரு குறிப்பேடும் சில சில்லறைப் பொருள்களும் இருந்தன. அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் அவர் வெளியிட்டார். சில நாள்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டெடுத்தார். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன.

விதிகள் எளியவை. கண்டுபிடித்தவர் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். உள்ளிருக்கும் பொருளை எடுத்தால், அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒன்றை வைக்க வேண்டும். பிறகு, பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தபடியே மறைத்துவிட்டு வர வேண்டும். உண்பொருள் வைக்கலாகாது, மறைப்பதற்காக மண்ணைத் தோண்டலாகாது. இடத்துக்கு உரியவரின் இசைவும் வேண்டும்.

"மார்க்கம் ஓதிக் கொடுப்பவருக்கு இந்த வீண் விளையாட்டு எதற்கு?" என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. சூரத்துல் கஹ்ஃபை வாரந்தோறும் ஓதுகிற நமக்கு, சாய்ந்து விழவிருந்த அந்தச் சுவர் நினைவிருக்கும். அதனடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. மூஸா நபி (அலை) அவர்களுடன் சென்ற நல்லடியார் கூலி பெறாமல் அச்சுவரை நிமிர்த்தினார். அவர் புதையலை எடுத்தாரில்லை. உரியவர்கள் வளரும்வரை அது மறைந்தே இருக்கும்படி காத்தார். கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. நம் கண்ணில் பட்டதெல்லாம் நம்முடையதாகிவிடாது என்பதே இவற்றின் சாரம். இவ்விளையாட்டின் உயிரும் அதுதான்.

எங்கள் மக்தப் பிள்ளைகளுடன் இதை நான் எளிய முறையில் நடத்துகிறேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா, 40 பக்க நோட்டு, பென்சில், நாலைந்து கோலிக்குண்டுகள், ஒரு தஸ்பீஹ் மணி. செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு கைப்பேசி என்னிடம் இருக்கும். அதில் எண்களைப் பார்த்தபின் பிள்ளைகள் திசைகாட்டியையும் தங்கள் கால்களையும் நம்ப வேண்டும். "பனை மரத்திலிருந்து கிப்லாவை நோக்கி 40 எட்டு" என்று குறிப்புக் கொடுப்பேன். நேர் மேற்கே நடந்த பிள்ளைகளுக்குப் பெட்டி அகப்படாது. புதுக்கோட்டையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை விலகியிருக்கிறது என்பதை அன்று அவர்கள் கால்களாலேயே கற்றுக்கொண்டார்கள். ஊர்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் கலையில் 11-ஆம் நூற்றாண்டிலேயே தனி நூல் எழுதிய அல்-பிரூனியைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்குமா?

கண்டுபிடிப்பதைவிட மறைத்து வைப்பதே எனக்கு மிகுந்த இன்பம் தருவது. அதில்தான் பொறுப்பும் மிகுதி. திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் கை வைக்கலாகாது. கப்ருஸ்தானும் பிறர் வழிபடும் இடங்களும் விளையாட்டுக்குரியவை அல்ல. புற்று, பொந்து, கிணற்றோரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பேருந்து நிலையத்தில் பெயரற்ற பெட்டி கிடந்தால் ஊரே அஞ்சும்; ஆதலால் பெட்டியின் மேல் இது என்ன, யாருடையது என்று தெளிவாக எழுத வேண்டும். தேடி வருகிறவர் நமக்கு முகமறியாதவர். அவருக்கு முள் தைக்காமல், பிறர் பயிர் மிதிபடாமல் இடம் தேர்வது நம் கடமையன்றோ?

ஒருமுறை, தோட்டக்காரரின் சம்மதத்துடன் கண்மாய்க் கரையோரம் வைத்த பெட்டி காணாமற் போயிற்று. "யாரோ திருடிவிட்டார்கள்" என்று பிள்ளைகள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். அவர் கையில் அந்தப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத அவர், தேநீர்க் கடையில் காட்டி, மேலிருந்த எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்.

"புள்ளைக தொலைச்சுட்டுத் தேடி அழுகுமேன்னு எடுத்துக்கிட்டு வந்தேன், அசரத்து" என்றார்.

திறந்து எண்ணினோம். ஒரு கோலிக்குண்டும் குறையவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிய பிள்ளைகள் தலை கவிழ்ந்து நின்றார்கள். விளையாட்டின் விதியை விளக்கியபோது பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். குறிப்பேட்டில் அவருடைய பெருவிரல் ரேகையைப் பதிக்கச் செய்தோம். அன்றைய பாடத்தில் அமானிதம் என்னும் சொல்லுக்கு நான் வேறு விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்தக் கரையில் பெட்டி வைப்பதானால், முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறோம்.

வாசகப் பெருமக்களே! காவலும் பூட்டும் இல்லாத ஒரு பெட்டி, முகமறியாத மனிதர்களின் நேர்மையை மட்டுமே நம்பி வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு பிள்ளை அதைத் திறந்து, ஒன்றை எடுத்து, அதனினும் நல்லதை வைத்து மூடினால், அல்லாஹ் பார்க்கிறான் என்னும் உணர்வுக்கு அதுவே பயிற்சி. பொருளின் மீதுள்ள பேராசையும் அங்கே தானாகவே கரைகிறது. வரும் விடுமுறையில் வீட்டுத் தோட்டத்திலோ உறவினர் தோப்பிலோ ஒரு பெட்டியை மறைத்து வைத்துப் பாருங்கள். பேரப் பிள்ளைகளுடன் பாட்டிமாரும் தேடலாம்.

எடுத்ததைத் திருப்பி வைக்கும் கைகளாக நம் மக்களின் கைகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.